திரை மினுங்கும் லெப்டொப்: டிஸ்ப்ளே கேபிளை வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி?

மூடியைச் சற்று முன்னே சாய்த்தால் படம் வருகிறது, பின்னே தள்ளினால் போய்விடுகிறது. சில நாள் கோடு கோடாக ஓடுகிறது, சில நாள் திரை முழுவதும் வெளுத்து நிற்கிறது. இப்படி ஒரு லெப்டொப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுவது சுலபம். மாற்றுவதும் சுலபம், போவது உங்கள் பணம்தானே. மூடியின் சாய்வோடு சேர்ந்து வந்துபோகிற கோளாறுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது திரையை அல்ல, மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையிலிருந்து திரைக்குப் போகிற டிஸ்ப்ளே கேபிளை. அதன் விலை திரையின் விலையில் சிறு பங்குதான். பல வேளைகளில் அந்தச் செலவும் தேவைப்படாது. தளர்ந்த முனையைக் கழற்றித் திரும்ப மாட்டினாலே படம் நிலைத்துவிடும்.

லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தே இராதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவசரப்படாத எவரும் செய்யக்கூடிய வேலை இது. ஒரே ஒரு நிபந்தனை: கோளாறு கேபிளில்தான் என்று தெளிவாகும்வரை ஒரு சதமும் செலவழிக்கக்கூடாது. கொழும்பில் இருப்பவர் தவறாக வாங்கிய சாமானைப் பின்னேரமே போய் மாற்றிக்கொள்வார். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் கழற்றுவதைவிடக் கண்டுபிடிப்பதைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

கேபிள் எங்கே ஓடுகிறது?

மதர்போர்டில் தொடங்கி, கீல் வழியாக மூடிக்குள் ஏறி, திரையின் முதுகில் கீழ் ஓரமாகப் போய்ச் சேருகிறது. உள்ளே இருப்பவை தலைமயிர் பருமனான கம்பிகள். படத்துக்கான சமிக்ஞை, திரைக்கு வேண்டிய 3.3 வோல்ட், பின்னொளிக்கு அதைவிடக் கூடிய மின்னழுத்தம் எல்லாம் ஒரே கட்டில் போகின்றன. பல மொடல்களில் வெப்கேமுக்கும் மைக்குக்கும் போகும் வயர்களும் இதோடு சேர்த்தே சுற்றப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீலின் அருகே இந்தக் கட்டு முறுக்கப்படுகிறது. வருடக்கணக்கில் முறுக்கினால் எந்தக் கம்பியும் ஒரு நாள் அறும்.

பழைய லெப்டொப்களில் இருப்பது எல்விடிஎஸ் (LVDS) வகை, பெரும்பாலும் 40 முனை (pin) கொண்டது. 2010 டிசம்பரில் இன்டெலும் ஏஎம்டியும் 2013க்குள் அதற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு, ஈடிபி (eDP) என்ற வகை அந்த இடத்தைப் பிடித்தது. சாதாரண ஃபுல் எச்டி திரைக்கு வரும் ஈடிபி கேபிளில் 30 முனைகள் இருக்கும். தொடுதிரைக்கும் வேகம் கூடிய திரைகளுக்கும் 40 முனை. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. கேபிள் வாங்கப்போகும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

திறப்பதற்கு முன்

முதல் சோதனை சாய்வுச் சோதனை. லெப்டொப்பை இயக்கி, மூடியை மிக மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு சாய்வில் மட்டும் படம் குலைந்து, அதைத் தாண்டியதும் சரியாகிறதா? சந்தேகம் கேபிளின்மீது திரும்புகிறது. வெப்கேமையும் திறந்துவைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். திரையோடு சேர்ந்து கேமராவும் வந்துபோனால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும்.

அடுத்தது தொலைக்காட்சி. வீட்டில் எச்டிஎம்ஐ துளை உள்ள தொலைக்காட்சி இருந்தால் லெப்டொப்பை அதில் இணைத்து, விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி தேர்ந்தெடுங்கள். லெப்டொப் திரை துடிக்கும்போது தொலைக்காட்சியில் படம் அசையாமல் இருந்தால், படத்தை உருவாக்கும் சிப் நலமாக இருக்கிறது என்று பொருள். கோளாறு கேபிளிலோ திரையிலோதான். தொலைக்காட்சியிலும் அதே கோடுகள் ஓடினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அது பெரும்பாலும் மதர்போர்டின் நோய். கருவிகளை எடுக்க வேண்டாம்.

லெப்டொப்பை இயக்கியதும் நிறுவனத்தின் சின்னம் தோன்றும் அந்தச் சில விநாடிகளையும் கவனியுங்கள். சின்னம் வரும்போதே திரை துடித்தால் வன்பொருள் கோளாறு. சின்னம் சுத்தமாக வந்து, விண்டோஸ் எழுந்த பிறகே துடிக்கிறது என்றால் படத்தைத் திரைக்கு அனுப்பும் டிரைவர் மென்பொருளின் கோளாறாகவும் இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். அதோடு சரியாகிவிட்டால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். டெல் லெப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. டி (D) விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானைத் தட்டினால், விண்டோஸ் எழாமலே திரை ஒவ்வொரு நிறமாக மாறி மாறி வரும். அந்த நேரத்தில் மூடியை அசைத்துப் பாருங்கள்.

திரை முழுக் கறுப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டொர்ச் லைட்டைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடியுங்கள். ஐகன்கள் மங்கலாகத் தெரிகின்றனவா? அப்படியானால் படம் வருகிறது, பின்னொளிதான் இல்லை. கேபிளின் பின்னொளிக் கம்பி அறுந்திருக்கலாம், மதர்போர்டில் உள்ள சிறிய ஃபியூஸ் போயிருக்கலாம், திரைக்குள் இருக்கும் விளக்குகளே போயிருக்கலாம்.

மூடியை எப்படி ஆட்டினாலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடு, மை கொட்டியது போன்ற கறுப்புத் திட்டு, சிலந்தி வலை போன்ற விரிசல் ஆகியவை திரையின் கோளாறுகள். கேபிளை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று காந்தம். மூடி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை அநேக லெப்டொப்கள் ஒரு சிறு காந்த உணரியைக் கொண்டுதான் அறிகின்றன. காந்த மூடி வைத்த ஃபோன் உறையை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, திரை அணைந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மலைநாட்டுக்கென்றே ஒரு சேர்க்கை உண்டு. தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் துணியே நாட்கணக்கில் காயாத காலம் அது. குளிர்ந்த அறையில் இரவு முழுவதும் கிடந்த லெப்டொப்பைக் காலையில் அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்து இயக்கினால், உள்ளே உலோக முனைகளில் ஈரம் படியும். காலையில் மட்டும் துடித்து, கொஞ்ச நேரம் ஓடியதும் தானாகச் சரியாகிற திரை என்றால், முனைகளில் பாசியோ துருவோ பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். இதற்குச் சுத்தம் செய்தலே பெரும்பாலும் போதும். ஒன்று மட்டும் வேண்டாம்: லெப்டொப்பை அடுப்புப் பக்கம் சாய்த்துவைத்துக் காயவைக்காதீர்கள். பெட்டரிக்கு வெப்பம் ஆகாது, விறகுப் புகையின் கரி விசிறிக்கும் ஆகாது.

எவற்றைத் தொடவே கூடாது?

உத்தரவாதக் காலம் முடியாத லெப்டொப்பை முதலில் வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். அடிமூடியோ தொடுபலகையோ உப்பி எழும்பியிருந்தால் பெட்டரி வீங்கியிருக்கிறது. இயக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம். முழுக் கண்ணாடி ஒட்டிய தொடுதிரையைப் புதியவர் பிரித்தால் கண்ணாடி உடையும். மெக்புக்குகளும் இந்த வரிசையில்தான். 2016இல் வந்த 13 அங்குல மெக்புக் ப்ரோவில் திரைக்குப் போகும் நாடாக் கேபிள் நீளம் போதாமல் தேய்ந்து, பின்னொளி கெட்டுப்போனது. 2018 மொடலில் அதே கேபிள் 2 மில்லிமீற்றர் நீளமாக வந்தது. 2019 மே மாதம் அந்தப் பழைய மொடலுக்கு அப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமும் அறிவித்தது. அந்தக் கேபிள் திரையோடு ஒன்றாக இணைந்தது என்பதால் தனியாகக் கழற்றி மாற்ற வழியே இல்லை.

மற்றபடி பிளாஸ்டிக் சட்டம் போட்ட சாதாரண லெப்டொப்கள், பாவித்ததாக வாங்கியவை, பிள்ளைகளின் உயர்தரப் படிப்புக்காக எடுத்தவை எல்லாம் வீட்டு மேசையில் பார்க்கக்கூடியவையே.

மேசையும் கருவிகளும்

பிலிப்ஸ் தலை கொண்ட சிறிய ஸ்க்ரூ டிரைவர், பூஜ்யம் மற்றும் இரட்டைப் பூஜ்யம் அளவுகளில். கைபேசி திருத்தும் பெட்டி ஒன்று வாங்கினால் இரண்டும் அதில் இருக்கும். நெம்புவதற்குக் காலாவதியான வங்கி அட்டை. கத்தி, ஊசி, மேசைக் கரண்டி எதையும் எடுக்காதீர்கள். பட்டறைக்காரர்கள் பாவிக்கும் மஞ்சள் நிற வெப்பத் தாங்கு நாடா, மென்மையான தூரிகை, ஐசோபுரோப்பைல் அல்ககோல். மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொடுத்து இதுவும் ஒன்றுதான் என்பார்கள். அதில் எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பதுண்டு, முனைகளில் பசையாகத் தங்கிவிடும். கை கழுவும் ஜெல்லும் கூடாது.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் மரமேசையில் உட்காருங்கள். கட்டிலில் கம்பளியை விரித்து அதன்மேல் வைத்துப் பிரிப்பதும், நைலோன் கலந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மதர்போர்டைத் தொடுவதும் நிலைமின்சாரத்தை அழைப்பதாகும். குளிரினாலும் அரை மணி நேரத்துக்கு அதைக் கழற்றிவையுங்கள். தொடங்குமுன் இரும்புத் தண்ணீர்க் குழாய் எதையாவது ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாயைத் தொட்டுப் பயனில்லை.

கழற்றும் ஆணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. வெள்ளைத் தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தைச் சதுரமாக வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அது இருந்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவையுங்கள். குட்டை ஆணியின் துளையில் நீள ஆணியைத் திருகினால், மேலே விசைப்பலகைப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும்.

மின்சாரத்தைத் துண்டித்தல்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப்போகக் கூடாது. கேபிளில் பின்னொளிக்கான மின்முனையும் படத்துக்கான முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் சற்றுக் கோணலாகச் செருகினாலும் ஃபியூஸ் போகும், சமயத்தில் மதர்போர்டே போகும். ஐந்நூறு ரூபாய் வேலை ஐம்பதாயிரம் ரூபாய் வேலையாவது இங்கேதான்.

சார்ஜரைக் கழற்றுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக அணையும். பெட்டரி வெளியே கழற்றக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது என்றால், அடிமூடியைத் திறந்தவுடன் செய்யும் முதல் வேலை பெட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் தலையை இரு பக்கமும் நகத்தால் தள்ளி எடுங்கள். லெனோவோ திங்க்பேட் வைத்திருப்பவர்கள் திறப்பதற்கு முன்பே பயோஸில் (விண்டோஸ் எழுமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) போய் உள்பெட்டரியைச் செயலிழக்கச் செய்யலாம். பிறகு பவர் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வெளியேற்றுங்கள். சில லெப்டொப்கள் மூடியைத் திறந்தாலே தாமாக இயங்கத் தொடங்கும் என்பதால், "அணைத்துவிட்டேனே" என்பது போதாது.

முதலில் மதர்போர்டு முனை

ஒட்டிய திரைச் சட்டத்தைப் பிரிப்பதைவிட அடிமூடியைத் திறப்பது எளிது. ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். இரப்பர்க் கால்களுக்கு அடியிலும் ஸ்டிக்கர்களுக்கு அடியிலும் ஆணிகள் ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்றபின் அட்டையை இடுக்கில் நுழைத்து, கீல் இருக்கும் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். டக் டக் என்று கொக்கிகள் விடுபடும். ஓரிடத்தில் வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், விட்டுப்போன ஆணி ஒன்று அங்கே இருக்கும்.

இரண்டு கீல்களில் ஒன்றின் ஓரமாக, கறுப்புத் துணிநாடா சுற்றியோ வெள்ளிநிறத் தாள் சுற்றியோ ஒரு கட்டு கீழே இறங்கி வரும். அதுதான் நீங்கள் தேடுவது. கறுப்பும் சாம்பலுமாக இரு மெல்லிய வயர்கள் இன்னொரு பக்கம் போனால் அவை வைஃபை அன்டெனா. எதையும் தொடுமுன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொக்கியின் கீழ், எந்த வளைவில் கேபிள் போகிறது என்பது திரும்பப் பூட்டும்போது தேவைப்படும்.

கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கும் கனெக்டரின்மேல் ஒட்டியிருக்கும் நாடாவை உரியுங்கள். சில கனெக்டர்கள் பலகைக்குச் சமாந்தரமாகப் பின்னோக்கி வழுக்கி வரும், சில மேல்நோக்கி எழும்பும். இழுப்பதற்கென்றே சிறு பிளாஸ்டிக் நாக்கு இருந்தால் அது நீட்டிக்கொண்டிருக்கும் திசைதான் இழுக்கும் திசை. கழற்றி, தூரிகையில் அல்ககோலைத் தொட்டு இரு பக்கமும் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, நேராகச் செருகுங்கள். சரியாக உட்கார்ந்தால் இடமும் வலமும் ஒரே மட்டமாக இருக்கும். அடிமூடியைப் போடாமலே பெட்டரியை இணைத்து, திருப்பி வைத்து, சாய்வுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். படம் நிலைத்துவிட்டால் வேலை இதோடு முடிந்தது. நாடாவை ஒட்டி, ஆணிகளைப் பூட்டுங்கள்.

அடுத்து திரை முனை

படம் நிலைக்கவில்லை என்றால் பெட்டரியைத் திரும்பக் கழற்றிவிட்டு மூடிக்குள் போக வேண்டும். பழைய மொடல்களில் திரையைச் சுற்றிய சட்டத்தில் சிறு இரப்பர்ப் பொட்டுகள் இருக்கும். அவற்றை எடுத்தால் ஆணிகள். அவற்றைக் கழற்றி, சட்டத்தின் உள் ஓரத்தில் விரல்நகத்தைக் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பினால் கழன்று வரும். மெல்லிய ஓரம் கொண்ட புதிய மொடல்களில் சட்டம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் சற்று தூரத்திலிருந்து காட்டி, பசை இளகியபின் அட்டையை நுழைக்கலாம். கீல் பக்கம்தான் உடையும். அங்கே நிதானம் வேண்டும்.

நான்கு மூலைகளிலும் ஆணிகள் இருந்தால் கழற்றி, விசைப்பலகைமீது சுத்தமான துவாயை விரித்து, திரையை முகங்குப்புறச் சாயுங்கள். ஆணியே இல்லாத மொடல்களில் திரைக்கும் மூடிக்கும் நடுவே இழுபடும் பசைநாடாக்கள் இருக்கும். அவற்றின் நுனியைப் பிடித்து, திரையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நாடா நடுவில் அறுந்து, திரை மூடியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும்.

இப்போது திரையின் முதுகில், கீழ் ஓரத்தில் கனெக்டர் தெரியும். நிறைய கெட்டுப்போவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒன்றரைச் சென்றிமீற்றர் அகலத்துக்குள் 30 முனைகள். முனைக்கு முனை அரை மில்லிமீற்றர்தான். மேலே ஒரு தெளிவான நாடா ஒட்டியிருக்கும், அதை ஒரு மூலையிலிருந்து உரியுங்கள். அதன் கீழே, கனெக்டரின் முதுகைத் தழுவியபடி ஓர் எஃகுக் கம்பி வளையம் படுத்திருக்கும், வாளியின் கைப்பிடி போல. டொர்ச் அடித்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் கேபிளை இழுக்கிறவர்கள் திரையில் உள்ள சொக்கட்டையே பிய்த்து எடுத்துவிடுகிறார்கள். நகத்தால் அந்த வளையத்தைத் தூக்கி, மறுபக்கம் சாய்த்துவிடுங்கள். பிறகு கனெக்டரின் இரு தோள்களையும் பிடித்து, திரைக்குச் சமாந்தரமாக வழுக்கி எடுங்கள். மேல்நோக்கித் தூக்கவே கூடாது. சுத்தம் செய்து, காயவிட்டு, அதே பாதையில் உள்ளே தள்ளி, வளையத்தைப் பழையபடி படுக்கவைத்து, நாடாவை ஒட்டுங்கள். பிறகு மீண்டும் பெட்டரி, மீண்டும் சாய்வுச் சோதனை.

கீலின் அருகே

இரு முனைகளும் சுத்தமாக இருந்தும் துடித்தால், கேபிள் நடுவில் காயப்பட்டிருக்கலாம். கீலை மறைத்திருக்கும் பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றி, கேபிள் வளையும் இடத்தில் டொர்ச் அடித்துப் பாருங்கள். துணிநாடா நைந்து, உள்ளிருந்து செம்பு மின்னுகிறதா? ஒரே இடத்தில் கூர்மையாக மடிந்த தழும்பு இருக்கிறதா?

பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, புது டிஸ்ப்ளே போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பழையபடியே மினுங்குகிறது" என்றான். கடையில் திரையை மாற்றியவர் கேபிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீல் அட்டையைத் திறந்தபோது, கீலைத் தாங்கும் பிளாஸ்டிக் குமிழ் உடைந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் கீலின் விளிம்பு கேபிளைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் கேபிள் இரண்டாகியிருக்கும். இதனால்தான் சொல்கிறேன்: கீலைச் சரிசெய்யாமல் கேபிளை மாற்றாதீர்கள். கீல் ஆணி தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். குமிழ் உடைந்திருந்தால் இரு குழாய்களில் வரும் எபொக்ஸிப் பசையைக் கலந்து ஒட்டி, ஒரு முழு நாள் இறுக விடுங்கள். கீல் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் அதிலுள்ள மரையைச் சிறிது தளர்த்துங்கள். பிளாஸ்டிக் உடைவதற்கு அந்த இறுக்கமே காரணமாக இருக்கும்.

அறுந்த கம்பியைப் பற்றவைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஈடிபி கேபிளில் ஒரு சோடிக் கம்பி விநாடிக்கு 2.7 கிகாபிட்டோ அதற்கு மேலோ கடத்தக்கூடியது. அந்த வேகத்தில் இரு கம்பிகளின் நீளமும் இடைவெளியும் கொஞ்சம் மாறினாலும் படம் சிதறும். பற்றவைத்து நாடா சுற்றிய கேபிள் சில நாள் ஓடலாம், நம்ப முடியாது. வெளியுறை மட்டும் கிழிந்து கம்பிகள் முழுதாக இருந்தால் மட்டும் மஞ்சள் நாடாவைச் சுற்றிப் பாவிக்கலாம்.

சரியான கேபிளை வாங்குதல்

லெப்டொப்பின் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மொடல் எச்டி திரையோடும் ஃபுல் எச்டி திரையோடும் தொடுதிரையோடும் வந்திருக்கும்; கேபிள்கள் வேறு வேறு. கேபிளிலேயே சிறு வெள்ளைச் சீட்டில் பாக எண் அச்சிட்டிருக்கும். டிசி02 (DC02), டிடி0 (DD0) போன்று தொடங்கும் எண்கள் அடிக்கடி கண்ணில் படும். அதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். திரையின் முதுகில் இருக்கும் சீட்டையும் படம் எடுங்கள். அதில் ஆங்கில எழுத்துகளுக்குப் பின் 156 என்று வந்தால் 15.6 அங்குலம், 140 என்றால் 14 அங்குலம். கழற்றிய கேபிளை அளவுகோலோடு சேர்த்து ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

ஹட்டன், நுவரெலியா, பதுளைக் கடைகளில் இத்தகைய கேபிளைக் கையிருப்பில் வைத்திருப்பது அரிது. கேட்டுப்பாருங்கள், கண்டியிலும் விசாரியுங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போவதற்கு முன் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி, பாக எண் ஒத்துப்போகிறதா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் தோட்டத்து முகவரிக்குக் கூரியர்காரர் மலையேறி வருவது நிச்சயமில்லை. டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுப்பது நல்லது. அதுவரை வேலை நிற்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐயில் இணைத்து லெப்டொப்பைப் பாவித்துக்கொண்டிருக்கலாம், மூடியை மட்டும் அடிக்கடி அசைக்காதீர்கள்.

புதியதைப் பூட்டுதல்

வந்த கேபிளைப் பழையதன் பக்கத்தில் படுக்கவைத்து ஒப்பிடுங்கள். நீளம், இரு தலைகள், வெப்கேம் கிளை பிரியும் இடம், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டரி கழன்றிருப்பதைத் திரும்பவும் உறுதிசெய்யுங்கள். எடுத்த படத்தைப் பார்த்துப் பழைய வழியிலேயே கொண்டுபோங்கள். கீலருகே இருந்த அதே தளர்வை விடுங்கள். இழுத்துக் கட்டினால் ஆறு மாதத்தில் அறும், அதிகம் தளர்த்தினால் மூடிக்கும் உடலுக்கும் நடுவே நசுங்கும். வைஃபை வயர்களையும் கீலில் சிக்கவிடாதீர்கள். வெப்கேமின் சிறு தலை ஒரு பக்கமாகத்தான் நுழையும், தள்ளித் திணிக்காதீர்கள்.

சட்டத்தை ஒட்டுமுன், அடிமூடியைப் பூட்டுமுன், பெட்டரியை இணைத்து இயக்குங்கள். மூடியை முழுவதும் மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறந்த நிலைவரை பல தடவை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்கேம், ஒளியைக் கூட்டுதல் குறைத்தல், வைஃபை மூன்றையும் சரிபாருங்கள். எல்லாம் சரி என்றால் அணைத்து, பெட்டரியைக் கழற்றி, திரைச் சட்டத்தைப் பூட்டி, பெட்டரியை இணைத்து, கடைசியாக அடிமூடியைப் பூட்டுங்கள். இனிமேல் மூடியை மூலையில் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கும்படி வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஹட்டன் வீதியின் வளைவுகளில் நெரிசலான பஸ்ஸில் போகும்போது லெப்டொப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் பிறர் மூட்டைக்கு அடியில் போனால் திரையும் நசுங்கும், கீலும் நசுங்கும்.

புதிய கேபிளோடு படம் மங்கலாக மட்டும் தெரிந்து பின்னொளி வரவில்லை என்றால், மதர்போர்டு சொக்கட்டின் அருகிலுள்ள ஃபியூஸை மல்டிமீற்றர் உள்ள ஒருவரிடம் பார்க்கக் கொடுங்கள். ஃபியூஸும் நலம், கேபிளும் புதிது, தொலைக்காட்சியில் படமும் சுத்தம், ஆனாலும் திரை துடிக்கிறது என்றால் இப்போது திரையை மாற்றலாம். அப்போதும் முதுகுச் சீட்டிலுள்ள முழு எண்ணையும், முனைகள் 30ஆ 40ஆ என்பதையும், கனெக்டர் வலது பக்கமா இடது பக்கமா என்பதையும், மூலைகளில் ஆணிக் காதுகள் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.